மருதப்பன் மறைத்த வண்டு

மருதப்பன் அண்ணனை யாராவது நல்லவர் என்று சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். கெட்டவர் என்று சொன்னாலும் பற்றிக்கொண்டு வரும். நடுவே ஒரு பலகைத் தடுப்பு மட்டும் இருக்க, பக்கத்து அறையில் வருஷக்கணக்காகக் குடியிருந்தவள் நான். அந்த மனுஷர் ராத்திரி புரண்டு படுத்தால்கூட எனக்குத் தெரியும். அவர் மறைத்து வைத்திருந்தது மட்டும் தெரியாமல் போய்விட்டது. அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

சிங்கப்பூர் ஜாலான் புசாரில் ஆணியும் பூட்டும் குழாயும் விற்கும் ஒரு சீனர் கடைக்கு மேல்மாடியில் எங்கள் இரண்டு குடும்பமும் இருந்தன. என் பெயர் அன்னம்மா. ரவிக்கை தைப்பது என் தொழில். நாங்கள் வேதக்காரர்கள், அவர்கள் சைவம். அதிலும் அண்ணனின் மனைவி ரத்தினம்மா இருக்கிறாளே, நான் மீன் பொரித்தால் தடுப்புக்கு அந்தப் பக்கம் ஊதுபத்தி கொளுத்துவாள். நான் சும்மா விடுவேனா?

"என்ன ரத்தினம், மீனுக்குப் பூசை நடக்குதா?" என்று இங்கிருந்தே கேட்பேன்.

"நீ பொரிச்சுத் தின்னு. அதுவாவது மோட்சத்துக்குப் போகட்டும்" என்று அங்கிருந்து பதில் வரும். இப்படித்தான் எங்கள் சிநேகிதம் ஓடியது.

அண்ணன் கூந்தல் தைலம் காய்ச்சி விற்பவர். 'நீலவேணி தைலம்' என்று பெயர். முழங்கால் வரை முடி தொங்கும் ஒரு பெண்ணின் படம் ஒட்டிய சீசா. சைக்கிள் பெட்டியில் அடுக்கிக்கொண்டு சிராங்கூன் ரோட்டுக் கடைகளுக்கும் வீடுகளுக்கும் போடுவார். அவர் தலையில் இரண்டு காதுகளுக்கு மேல் தவிர வேறெங்கும் முடி கிடையாது. அதனால் வியாபாரத்துக்குப் போகும்போது மறக்காமல் தலைப்பாகை கட்டிக்கொள்வார். "தைலக்காரன் தலையைப் பார்த்தா யாரும்மா வாங்குவா?" என்று அவரே சொல்லிச் சிரிப்பார். சிரிக்கச் சிரிக்கப் பேசுகிற மனுஷர். அந்தப் பேச்சுக்கே பாதி சீசா விற்றுவிடும்.

தைலத்தில் என்ன இருக்கிறது என்று கேட்டால், "கரிசலாங்கண்ணி, நெல்லி, மருதாணி, ஒரு சீனத்து வேர், தேங்காயெண்ணெய்" என்று பாட்டு மாதிரி ஒப்பிப்பார். ஊருக்கும் அதையேதான் சொன்னார், பெண்டாட்டிக்கும் அதையேதான் சொன்னார். சீனத்து வேர் என்று அவர் சொன்னது வேரே இல்லை. வண்டு.

கொப்புள வண்டு என்று அதற்குப் பெயர். இதையெல்லாம் பிற்பாடு அவர் வாயால் கேட்டதுதான். வாலிப வயதில் ஜொகூரில் ஒரு ரப்பர்த் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெஸருக்கு உதவியாளாக இருந்திருக்கிறார். அங்கே அலமாரியில் இந்த வண்டிலிருந்து எடுத்த மருந்து ஒரு சீசாவில் இருக்குமாம். மூட்டு வீங்கியவர்களுக்கு அதைத் தடவிக் கொப்புளம் வரவழைப்பார்களாம். கெட்ட நீர் வெளியேறும் என்று நம்பிக்கை. துளியிலும் துளியாக எண்ணெயில் கலந்து தலையில் தேய்த்தால் சூடேறி, ரத்தம் ஓடி, முடி முளைக்கும் என்று அந்த டிரெஸர் சொன்னது இவர் மனதில் பதிந்துவிட்டது. யுத்தம் முடிந்து சிங்கப்பூர் வந்தவர், எங்கள் தெருவிலேயே ஒரு சீன மருந்துக்கடைக் கண்ணாடி ஜாடியில் அதே இனத்து வண்டுகள் காய்ந்து கிடப்பதைப் பார்த்தார். கறுப்பு உடம்பில் மஞ்சள் பட்டை போட்டிருக்கும். அன்றைக்கே தைல வியாபாரத்துக்குப் பிள்ளையார் சுழி போட்டுவிட்டார்.

"அந்தக் குடும்பத்துல பல வகை இருக்கு அன்னம்மா. பச்சையா மினுக்குறது ஒண்ணு, செகப்புத் தலைக்காரன் ஒண்ணு, இந்தப் பட்டை போட்டது ஒண்ணு. குணம் மட்டும் எல்லாத்துக்கும் ஒண்ணுதான்" என்று சொன்னார். "பயத்தங்கொடிப் பூவுல பட்டப்பகல்ல உக்காந்து தின்னும். கிட்டப் போனாலும் பறக்காது. ஒரு தடவை தின்ன குருவி மறுபடி கிட்ட வராது, அப்புறம் அதுக்கு யார்கிட்டப் பயம்? கையில புடிச்சா கால் மூட்டுல மஞ்சளா ஒரு நீர் கசியும். அப்போ எரியாது. நாம மறந்துட்டு சோறு திங்கப் போயிடுவோம். அதுக்கப்புறம்தான் தோல் பொங்கும்."

இத்தனை தெரிந்த மனுஷர் பெண்டாட்டியிடம் ஏன் சொல்லவில்லை? எறும்பு விழுந்த சர்க்கரையை வெயிலில் வைத்து, ஒவ்வொரு எறும்பும் ஊர்ந்து போகும்வரை காத்திருக்கிறவள் ரத்தினம்மா. வண்டைக் காய்ச்சி ஊற்றுகிறேன் என்றால் சட்டியோடு தூக்கித் தெருவில் போட்டிருப்பாள். வாங்குகிறவர்களும் வெள்ளிக்கிழமை தலைக்குக் குளித்துக் கோயிலுக்குப் போகிற பெண்கள். அதனால் அவள் கோயிலுக்குப் போகிற நேரம் பார்த்து, பின்சந்தில் கரி அடுப்பு மூட்டி, வண்டுப் பொடியை எண்ணெயில் காய்ச்சி வடிகட்டுவார். வாடை தெரியாமல் மரிக்கொழுந்து போடுவார். அந்தக் கெட்டி எண்ணெய் ஒரு சின்னச் சீசாவில் தகரப் பெட்டிக்குள் இருக்கும். ஒரு சட்டி தைலத்துக்கு அதில் சில சொட்டு போதும்.

"இதைத் தொடாதே" என்று பெண்டாட்டியிடம் சொல்லியிருக்கிறார். சரி, நல்லது. ஏன் தொடக்கூடாது என்பதற்கு அவர் சொன்ன காரணம்தான் குடியைக் கெடுத்தது. சுடும் என்று சொல்லியிருக்கலாம். விஷம் என்று சொல்லியிருக்கலாம். விலை ஒசத்தி என்று சொல்லி வைத்தார்.

இனி ரத்தினம்மாவின் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்தில் அவளைக் கைராசிக்காரி என்பார்கள். பிறந்த குழந்தைக்கு முதல் எண்ணெய் வைக்க, கல்யாணப் பெண்ணுக்கு நலுங்கு வைக்க, பிரசவித்தவளுக்குத் தலைக்கு ஊற்ற, எதற்கும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். பஃப்ளோ ரோட்டிலிருந்தும் ரேஸ் கோர்ஸ் ரோட்டிலிருந்தும் பேச்சா வண்டி அனுப்பி அழைத்துப் போவார்கள். அவள் எண்ணெய் வைத்த குழந்தை அழாது. இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். வேதக்காரியான நானே என் மகன் பிறந்தபோது ஞானஸ்நானத்துக்கு முன்னாலேயே அவளைத்தான் எண்ணெய் வைக்கச் சொன்னேன். வீட்டில் ஒரு சொல்லுக்குப் பயந்து பயந்து நடக்கிறவள், எண்ணெய்க் கிண்ணத்தைக் கையில் எடுத்துவிட்டால் மகாராணி. அத்தனை மரியாதையும் அவளுக்கு அந்தக் கையால் வந்தது.

ஒரே மகள் பாக்கியலட்சுமி. ஐம்பத்தேழாம் வருஷம் ஆவணியில் அவளுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை தங்கராஜு துறைமுகத்தில் கிளார்க், குவீன்ஸ்டவுனில் புது அடுக்கு வீடு. தகப்பன் இல்லாத பிள்ளை; தாய் சிவகாமசுந்தரிதான் வளர்த்து ஆளாக்கியவர். அந்த அம்மாள் சிரித்து நான் பார்த்ததில்லை. பிள்ளை அதற்கு நேர்மாறு, நல்ல கலகலப்பு. அந்த வயதிலேயே நெற்றி ஏற ஆரம்பித்திருந்தது. "மாமா, உங்க தைலத்தை ஊத்துனா இதுல பயிர் வருமா லா?" என்று மண்டையைத் தட்டிக் காட்டுவான்.

அந்த ஐப்பசியில் தலை தீபாவளி. மாப்பிள்ளையும் பெண்ணும் முதல் நாளே வந்துவிட்டார்கள். சம்பந்தியம்மாள் மதியச் சாப்பாட்டுக்கு வருவதாக ஏற்பாடு. விடியும் முன்னே அண்ணன் வாழையிலையும் பூவும் வாங்கத் தேக்கா மார்க்கெட்டுக்குப் போய்விட்டார். ரத்தினம்மா என்னையும் எழுப்பிவிட்டாள். அதிரசம் தின்ன வரச் சொன்னால் நான் வேண்டாம் என்றா சொல்வேன்? போய் உட்கார்ந்தேன்.

நல்லெண்ணெயைக் காய்ச்சி இறக்கினாள். எல்லாருக்கும் ஒரு கிண்ணத்தில் ஊற்றினாள். மாப்பிள்ளைக்குத் தனியாக வெள்ளிக் கிண்ணம். பிறகு என்ன நினைத்தாளோ, தகரப் பெட்டியைத் திறந்து அந்தச் சின்னச் சீசாவை எடுத்தாள்.

"இது எதுக்கு ரத்தினம்?"

"சீனத்து வேர்ச் சாறு அன்னம். வெலை ஒசத்தின்னு என்னையே தொட விடமாட்டார். ஊருக்கெல்லாம் சொட்டுச் சொட்டாக் குடுக்கிறோம், நம்ம வீட்டு மாப்பிள்ளைக்கு இல்லாததா? பாவம், அதுக்கு முடி வேற கொட்டுது" என்றாள். பாதிச் சீசாவை அந்தக் கிண்ணத்தில் கவிழ்த்தாள்.

மாப்பிள்ளையை மணையில் உட்கார வைத்து, விரலால் தொட்டு உச்சியில் மூன்று முறை வைத்து, நூறு வயசு இருக்கணும் என்று வாழ்த்தினாள். அவள் முகத்தில் அப்படி ஒரு பெருமை. மிச்சத்தைக் கிண்ணத்தோடு கொடுத்தாள். தங்கராஜு தலையிலிருந்து கால்வரை, கழுத்து, அக்குள், முதுகு, இமை என்று ஒரு இடம் விடாமல் தேய்த்துக்கொண்டு, எண்ணெய் ஊறுவதற்காகப் பின்மாடியில் அப்போதுதான் ஏறிய வெயிலில் போய் உட்கார்ந்தான்.

அண்ணன் இலைக்கட்டோடு படி ஏறி வந்தார். பாதிப் படியிலேயே மரிக்கொழுந்து வாசம் அடித்திருக்கிறது. ஓடி வந்து பெட்டியைத்தான் முதலில் பார்த்தார். முகம் சுண்ணாம்பு மாதிரி வெளுத்துவிட்டது.

"யார் யாருக்குப் போட்ட?" என்று கேட்டார்.

"மாப்பிள்ளைக்கு மட்டுந்தான். ஏங்க, தப்பா?" என்றாள் ரத்தினம்மா. காசு போச்சே என்று கோபிக்கிறார் என்று அவள் நினைத்தாள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அவர் பின்மாடிக்குப் போனார். "மாப்பிள்ளை, எண்ணெய் போதும். சீக்கிரம் குளிச்சிடுங்க" என்றார். "என்ன அவசரம்? நல்லா ஊறட்டும், நாள் கிழமை" என்றாள் இவள். மாப்பிள்ளையும், "வெயில் சுகமா இருக்கு மாமா" என்று சிரித்தான்.

அங்கேதான் அவர் வாயைத் திறந்திருக்க வேண்டும். உடனே கழுவு என்று கத்தியிருக்க வேண்டும். கத்தினால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்றால் வண்டு. "நல்லெண்ணெயில கலந்துட்டா, வேகம் கொறைஞ்சிருக்கும், ஒண்ணும் ஆகாதுன்னு நெனச்சேன் அன்னம்மா. நெனச்சேன்னு சொல்றேனே, அப்படி ஆகணும்னு சாமிகிட்டக் கேட்டுக்கிட்டு நின்னேன்" என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். சாமி என்ன, இவர் கோழைத்தனத்துக்கு வேலைக்காரனா?

மத்தியானம் பந்தி. சம்பந்தியம்மாள் வந்து மகன் பக்கத்தில் உட்கார்ந்தாயிற்று. பாயசம் ஊற்றும்போது தங்கராஜு கழுத்தைச் சொறிந்தான். பிறகு முதுகை நெளித்தான். "எரியுதும்மா" என்றான். சட்டைக் காலரை விலக்கிப் பார்த்தால் புளியங்கொட்டை அளவுக்குக் கொப்புளம், ஒன்றோடு ஒன்று ஒட்டி, உள்ளே மஞ்சள் நீர். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே இமை இரண்டும் வீங்கிக் கண் மூடிக்கொண்டது. எச்சில் இலை அப்படியே கிடக்க, டாக்ஸி பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போனோம். நானும் ரத்தினம்மாவைப் பிடித்துக்கொண்டு கூடவே போனேன்.

சாயங்காலத்துக்குள் அவனுக்கு மூத்திரத்தில் ரத்தம் போக ஆரம்பித்தது. உயிருக்கு உத்தரவாதம் சொல்ல முடியாது என்றார்கள். பாக்கியலட்சுமி சுவரில் முட்டிக்கொண்டு அழுதாள். டாக்டர் வெளியே வந்து, உடம்பில் என்ன தேய்த்தீர்கள் என்று கேட்டார். ரத்தினம்மா ஒளிக்கவில்லை. "நல்லெண்ணெய்ல எங்க வீட்டுக்காரர் தைலம் கலந்து நான்தான் குடுத்தேன்" என்றாள். தைலத்தில் என்ன என்று டாக்டர் அண்ணனைப் பார்த்துக் கேட்டார். தோட்டத்து ஆஸ்பத்திரியில் கற்ற அரைகுறை இங்கிலீஷில் அண்ணன் பதில் சொன்னார்.

"ஹெர்ப்ஸ், டாக்டர். ஒன்லி ஹெர்ப்ஸ்."

வேறு ஏதாவது, பூச்சி, மருந்து, என்று டாக்டர் மறுபடியும் கேட்டார். இவர் தலையை ஆட்டிவிட்டார். அப்படியானால் சில உடம்புக்குச் சில மூலிகை ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிவிட்டு டாக்டர் உள்ளே போனார். அந்த மனுஷர் வேறென்ன செய்வார்?

சிவகாமசுந்தரி அம்மாள் எழுந்து வந்தார். "ஊரே தேய்க்கிற தைலம். ஒருத்தருக்கும் ஒண்ணும் ஆகல. இந்த வீட்டுலயே மத்தவங்களுக்கு ஒண்ணும் ஆகல. இவ கையால வச்ச என் புள்ளை மட்டும் வெந்து கெடக்குறான். அப்போ தைலத்துல குத்தம் இல்ல. வச்ச கையிலதான் குத்தம்" என்றார்.

ரத்தினம்மா புருஷனைப் பார்த்தாள். அவர் ஒரு வார்த்தை சொல்வார் என்று பார்த்தாள். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளை பிழைத்துக்கொண்டான். ஆண்டவருக்குத் தோத்திரம். தோல் உரிந்து புதுத்தோல் வந்தது. கழுத்தில் மட்டும் திட்டுத்திட்டாகத் தழும்பு நின்றுவிட்டது. ஆனால் ரத்தினம்மா பிழைக்கவில்லை. அன்றைக்கு எண்ணெய் தொட்ட அவள் விரல் இடுக்கிலும் இரண்டு கொப்புளம் வந்தது. "பாரு அன்னம், என் கை என்னையே சுட்டுக் காட்டுது. நான் எந்த ஜென்மத்துல என்ன பாவம் பண்ணேனோ" என்று என்னிடம் நீட்டினாள். போடி பைத்தியக்காரி என்று திட்டினேன். திட்டினால் தீருகிற சங்கதியா அது?

ஊரார் அவளைக் கூப்பிடாமல் விட்டார்கள் என்று சொல்ல முடியாது. அதற்கு முன்னாலேயே இவள் நிறுத்திவிட்டாள். பேச்சா அனுப்பியவர்களை உடம்பு சரியில்லை என்று திருப்பி அனுப்பினாள். மகள் வளைகாப்புக்கு இவளுக்கு அழைப்பில்லை. பேத்தி பிறந்தாள். பெண்ணைப் பெற்றவள் வந்து பார்க்கலாம், பிள்ளையைத் தொடக்கூடாது என்று சம்பந்தியம்மாள் உத்தரவு. இவள் போனாள், துணைக்கு நானும். வாசல் நிலைக்கு இந்தப் பக்கம் நின்று, கை இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தொட்டிலை எட்டிப் பார்த்துவிட்டு வந்தாள். பஸ்ஸில் வரும்போது, "மூக்கு என்னை மாதிரி அன்னம்" என்று மட்டும் சொன்னாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

இத்தனை வருஷமும் அண்ணன் என்ன செய்தார் என்று கேட்கிறீர்களா? பெண்டாட்டியைத் தாங்கினார். சேலை வாங்கி வந்தார். அவள் தலை வலிக்கிறது என்றால் தைலம் காய்ச்சுகிற சட்டியை இறக்கிவைத்துவிட்டு ரசம் வைத்தார். வண்டை அன்றைக்கே சாக்கடையில் கொட்டிவிட்டாராம். அதற்குப் பிறகு சீசாவில் இருந்தது வெறும் மூலிகை எண்ணெய். வியாபாரம் ஒன்றும் குறையவில்லை. வண்டு இருந்தபோதும் யாருக்கும் முடி வளரவில்லை, இல்லாதபோதும் வளரவில்லை. எதற்காக இத்தனை பொல்லாப்பு என்று தலையில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது. எங்கள் மாடிப் பெண்கள் எல்லாம், "புருஷன்னா இவர்தான் புருஷன்" என்றார்கள். நானும் என் வீட்டுக்காரரை அவரைக் காட்டித்தான் இடித்துரைத்தேன்.

அறுபத்தைந்தில் சிவகாமசுந்தரி அம்மாள் காலமானார். பாக்கியலட்சுமிக்கு இரண்டாவது ஒரு ஆண் குழந்தை பிறந்திருந்தது. துக்கம் கழிந்ததும் தங்கராஜுவே வந்தான். அவன் இந்தக் கைராசிப் பேச்சையெல்லாம் என்றைக்குமே ஏற்றுக்கொண்டவன் இல்லை. அம்மாவுக்குப் பயந்து இருந்தவன்.

"அத்தை, பழசையெல்லாம் விடுங்க. நீங்க வந்து பிள்ளைக்கு எண்ணெய் வச்சுக் குளிப்பாட்டணும்லா. உங்களை விட்டா எங்களுக்கு யார் இருக்கா?" என்றான்.

"வேணாம் மாப்பிள்ளை. ஒரு தடவை பட்டது போதும்" என்றாள் இவள். அவன் கெஞ்சிப் பார்த்தான். அவள் எழுந்து உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். தடுத்து வைத்திருந்தவர் போய்ச் சேர்ந்துவிட்டார். இப்போது தடுத்தது அவளேதான்.

அன்றைக்கு மத்தியானம் அண்ணன் என் தையல் மிஷின் முன்னால் வந்து நின்றார். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. நின்றபடியே வண்டிலிருந்து ஆரம்பித்து ஆஸ்பத்திரி வரை அத்தனையும் சொன்னார். நான் மிஷினை நிறுத்திவிட்டேன்.

"அடப் பாவி மனுஷா! வெட்டிப் போட்டாலும் ஆறாதே!" என்று எழுந்துவிட்டேன். "டாக்டர் ரெண்டு தடவை கேட்டாரே! அவ உங்க மூஞ்சியைப் பார்த்தாளே! உங்க வாயில என்ன கொழுக்கட்டையா இருந்துச்சு?"

"முதல் நாள் பயம் அன்னம்மா. புள்ளை செத்துட்டா என்னைப் புடிச்சு உள்ள வச்சிடுவாங்கன்னு பயம். மறுநாள் வெட்கம். அப்புறம் ஒவ்வொரு நாளும் நேத்தே சொல்லியிருக்கணும்னு தோணும். நேத்து சொல்லாததை இன்னைக்கு எப்படிச் சொல்றதுன்னு தோணும்" என்றார். கண்ணிலிருந்து தண்ணீர் வடிந்தது. "நீங்க கூட வாங்க. நீங்க இருந்தா நம்புவா."

தும்பை விட்டுவிட்டு வாலைப் பிடிக்கிற கதை. ஆனாலும் போனேன். ரத்தினம்மா முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவர் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்து, ஒன்று விடாமல் சொன்னார். அவள் கீரை ஆய்வதை நிறுத்தாமல் கேட்டாள். முடிந்ததும் சிரித்தாள். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவள் அப்படிச் சிரித்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"மாப்பிள்ளை வந்துட்டுப் போனதுலேருந்து யோசிச்சீங்களாக்கும். நல்லா ஜோடிச்சிருக்கீங்க" என்றாள்.

"சத்தியமா ரத்தினம். வண்டுதான். உன் கை இல்ல."

"சும்மா இருங்க. டாக்டர் உங்ககிட்டத்தானே கேட்டாரு? மாப்பிள்ளை உசிரு ஊசலாடுது, உங்க பொண்ணு சுவத்துல முட்டிக்கிட்டு அழுவுறா. அந்த நேரத்துல பொய் சொல்ற மனுசனா நீங்க? உங்களை எனக்குத் தெரியாதா?"

நான் குறுக்கே புகுந்து, "நெசந்தான்டி, என்கிட்ட எல்லாத்தையும் சொல்லிட்டார்" என்றேன். "உன்னையும் கூட்டுச் சேர்த்துக்கிட்டாரா?" என்று என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

மறுநாள் அவர் சீன மருந்துக்கடைக்குப் போய் ஒரு பொட்டலம் காய்ந்த வண்டு வாங்கிவந்து அவள் முன்னால் கொட்டினார். மஞ்சள் பட்டை போட்ட வண்டுகள் கால் மடங்கிக் கிடந்தன. அவள் பயந்து பின்னால் நகர்ந்தாள். "ஐயோ பாவம், உசிருள்ள ஜீவன். இன்னைக்கு வாங்கிட்டு வந்து அன்னைக்குப் போட்டேன்னா நான் நம்பணுமா?" என்றாள்.

அப்புறம் அவர் செய்ததைக் கேளுங்கள். அந்த வண்டைப் பொடித்து, அவள் கண் முன்னாலேயே எண்ணெயில் காய்ச்சி, தன் வலது முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை தடவிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் வேண்டாம் என்று கத்தினேன். கேட்கவில்லை. பொழுது சாய்வதற்குள் கை முழுக்கப் பொங்கிவிட்டது. தங்கராஜு கழுத்தில் அன்றைக்குப் பார்த்த அதே கொப்புளம். வேதனையில் பல்லைக் கடித்துக்கொண்டு அந்தக் கையை அவளிடம் நீட்டினார். "பாரு. நல்லாப் பாரு. இதுல உன் கை எங்க பட்டுச்சு?"

அவள் பார்த்தாள். அடுத்த நிமிஷம் மாரில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். "எனக்காக இப்படிச் சுட்டுக்கிட்டீங்களே சாமி! என் மனசைத் தேத்த உங்க தோலையே உரிச்சுக்கிட்டீங்களே! இந்தப் பாவிக்கு இப்படி ஒரு புருஷனா!" என்று அவர் காலில் விழுந்தாள். அவர் என்னைப் பார்த்தார். நான் என்ன செய்வேன்? எனக்கும் அழுகைதான் வந்தது.

குவீன்ஸ்டவுனுக்குப் போய் மாப்பிள்ளையிடமும் மகளிடமும் அவரே சொன்னார். அவர்கள் நம்பினார்கள். பாக்கியலட்சுமி அப்பாவை வெளியே போகச் சொல்லிவிட்டாள். தங்கராஜுதான் ரெண்டு நாள் பொறுத்து அவளைச் சமாதானம் பண்ணி, ஞாயிற்றுக்கிழமை காலை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எல்லாரையும் கூட்டி வந்தான். அவனே நல்லெண்ணெயைச் சூடு பண்ணிக் கிண்ணத்தில் ஊற்றினான்.

"அத்தை, இப்போதான் எல்லாம் தெரிஞ்சுபோச்சே. உங்க கையில ஒரு குத்தமும் இல்ல. வைங்க" என்று பிள்ளையை அவள் மடியருகே நீட்டினான். பாக்கியலட்சுமி, "வையும்மா, எனக்காக வையும்மா" என்று அழுதாள்.

பிள்ளை பாட்டியைப் பார்த்துக் காலை உதைத்துச் சிரித்தது. ரத்தினம்மாவின் கை முந்தானைக்குள் அசைந்ததை நான் பார்த்தேன். வெளியே வந்துவிடும் என்றே நினைத்தேன். அவள் இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

"மாப்பிள்ளை, அவர் சொன்னதை நீங்களும் நம்பிட்டீங்களா?" என்றாள். குரலில் அத்தனை பெருமை. "பொண்டாட்டி மேல பழி வரக்கூடாதுன்னு தன் பேரையே கெடுத்துக்கிட்டு நிக்கிறார். அவர் கையைப் பார்த்தீங்களா? என் கைதான் தோஷமுள்ளது, எனக்குத் தெரியும். நீங்க புள்ளையை அவர்கிட்டக் குடுங்க."

அண்ணன் மூலையில் நின்றுகொண்டிருந்தார். வலது கையில் முழங்கை வரை துணி சுற்றியிருந்தது. "வேணாம் ரத்தினம்" என்றார்.

அவள் கேட்கவில்லை. எழுந்து போய் அவர் இடது கையைப் பிடித்து இழுத்துவந்தாள். குழந்தையைத் தொட மறுத்த அந்த விரல்களாலேயே அவர் விரலைப் பிடித்து எண்ணெயில் தோய்த்தாள். "வைங்க. இந்தக் கையை விட நல்ல கை இந்த உலகத்துல ஏது?" என்று சொல்லி, குழந்தையின் உச்சியில் அவர் விரலைக் கொண்டுபோய் வைத்துவிட்டு, சட்டென்று தன் கையை எடுத்துக்கொண்டாள்.

மருதப்பன் அண்ணன் மூன்று முறை எண்ணெய் வைத்தார். வாழ்த்தச் சொன்னாள். அவர் கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் வழிந்தது. "பாத்தீங்களா, சந்தோஷத்துல அழுவுறார்" என்று ரத்தினம்மா எங்கள் எல்லாரிடமும் சொன்னாள்.